ஒன்பது மாதக் காய்

என்னைக் கடைசிவரை காட்டிக்கொடுக்காத சேகரண்ணாவுக்கு,

ஆடி பிறந்துவிட்டது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதத்தில் மனசுக்குள் உன்னோடு பேசாத நாளே இல்லை. டெம்போ வந்தது, காயவைக்கிற ட்ரையர் நின்றுவிட்டது, மழை பிடித்துக்கொண்டது என்று எல்லாம் சொல்லியிருக்கிறேன். சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதி மடித்து வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் என்னைப்போல டவுனில் உட்கார்ந்து போனில் காய் கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் அண்ணா. அவர்களும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் சில இடங்களில் திரும்பச் சொல்வேன். கோபித்துக்கொள்ளாதே.

பெங்களூர் பீன்யாவில் ஒரு நொறுக்குத்தீனி கம்பெனியின் லேபில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். எண்ணெய் சிக்கெடுத்ததா, ஈரம் கூடிப்போனதா என்று பார்ப்பதுதான் வேலை. அங்கே மூட்டை மூட்டையாகத் தேங்காய்த்துருவல் வரும். அந்தத் துருவல் பாக்கெட்டுக்குள் போய் வெளியே வரும்போது என்ன விலை என்று எனக்குத் தெரியும். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் நம் தோட்டத்து வாசலில் காய் வாங்க வரும் ஏவாரி உனக்கு என்ன கொடுக்கிறார் என்றும் தெரியும். ஒருநாள் ஊருக்கு வந்தபோது கேட்டேனே, நினைவிருக்கிறதா?

"காயைக் காயா வித்தா ஏவாரி சொல்றதுதான்ணா விலை. அதையே சிப்ஸா போட்டு வித்தா நாம சொல்றதுதான் விலை."

"நீ லேப்ல பாட்டில் ஆட்டறவ. உனக்கு ஏவாரத்தப்பத்தி என்னம்மா தெரியும்?" என்று சிரித்தாய். ஆனால் சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் கழித்து நீயே போன் செய்தாய். "இன்னும் பத்து வீடு சேந்தா முடியுமா?" என்றாய்.

அந்தப் பத்து வீட்டையும் சேர்த்தது நீதான். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் என்று வைத்திருப்பவர்கள். வெள்ளை ஈ விழுந்து, ஓலையெல்லாம் கரி பூசினதுபோல் கறுத்துக் கிடந்த மரங்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒருத்தி கம்ப்யூட்டரில் படம் காட்டினால் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். நீ வீடு வீடாகப் போய், தண்ணி குடித்துவிட்டு, "என் தங்கச்சிதான் செய்யறா, நான் இருக்கேன்" என்று சொன்னாய். அவர்கள் நம்பியது உன்னைத்தான்.

நான் வேலையை விட்டேன். ஊரிலிருந்து பெங்களூர் போகிற வழியில் இருக்கட்டும் என்று சந்தாபுராவில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தோம். முதல் மூன்று முறையும் கெட்டுப்போனது. ஒருமுறை சிப்ஸ் எல்லாம் பீடி இலைபோல் சுருண்டுகொண்டது. ஒருமுறை கல்லாக இருந்தது. "பல்லு போனாலும் பரவால்ல, வீணாக்காத" என்று சொல்லி, தட்டில் போட்டுக்கொண்டு கடித்துக் கடித்துத் தின்றாய். பக்கத்து ஷெட்டின் மாடுகூட அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எவ்வளவு சிரித்தோம் அன்றைக்கு.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் நான். அதுதான் இப்போது நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. இளங்காய் என்றால் சிப்ஸ் சுருங்கும். நன்றாக முற்றிவிட்டால் கடினமாகி, சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். ஒன்பது மாதக் காய்தான் சரி. பத்துக்கு மேல் போகக்கூடாது. நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, ஷெட் சுவரில் ஒட்டினேன். உனக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன்.

ஒன்பது மாதக் காயை ஏவாரிக்கு இறக்குவதுபோல் குலைகளை மொத்தமாக வெட்டித் தள்ளி எடுக்க முடியாது. மரத்தின் உச்சிவரை ஏறி, புதுப் பாளையிலிருந்து கீழ்நோக்கி மாதத்துக்கு ஒரு குலையாக எண்ணி, அந்த ஒரு குலையை மட்டும் அறுக்கவேண்டும். ஒவ்வொரு மரத்திலும் இப்படித்தான். மரமேறி மாதப்பன் முதல் நாளே முகம் சுளித்தார் என்று சொன்னாய். "ஏர்றதுக்குத்தான் கூலி குடுக்கறீங்க, எண்றதுக்கு யாரு குடுப்பா?" என்று கேட்டாராம். நாம் அதற்கும் சிரித்தோம்.

ஆனாலும் நடந்தது. பிரேசர் டவுனில் உலர்பழக்கடை வைத்திருக்கும் அன்வர் பாய் முதல் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "அரே, இது நம்ம தேங்காயாம்மா?" என்று கேட்டபோது நீயும் என் பக்கத்தில் நின்றிருந்தாய். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "நம்ம தோட்டத்துதுங்க" என்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் சந்தாபுரா வரும்வரை நீ வாய் திறக்கவில்லை. உன் சந்தோஷம் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த வருஷம் பதினோரு வீட்டிலும் கொஞ்சம் மூச்சு வந்தது. உன் மகள் திவ்யாவுக்குக் காலேஜ் கிடைத்தது. நீ வீட்டுக் கூரை ஓடுகளை மாற்றினாய். ஏவாரியின் டெம்போ வழக்கம்போல் வந்து வாசலில் நின்றபோது, "காய் இல்லைங்க, போய்ட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியதைப் போனில் எனக்கு இரண்டு தரம் சொன்னாய். தேங்காயிலிருந்து நாலு காசு கூடுதலாக வரவைக்க முடியும் என்று நான் சொன்னது பொய்யில்லை அண்ணா. அது உண்மையாகத்தான் இருந்தது. அதனால்தான் நான் நிற்கவே இல்லை.

தீபாவளிக்கு அன்வர் பாய் பெரிய ஆர்டர் கொடுத்தார். பரிசுப் பெட்டிக்குள் முந்திரி, பாதாமோடு நம் சிப்ஸும் ஒரு பாக்கெட். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார். மற்ற வீட்டுக் காயெல்லாம் வந்துவிட்டது, நம் தோட்டத்துக் காய்தான் பாக்கி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். அந்தப் பேச்சை இந்த எட்டு மாதத்தில் எத்தனை தரம் எனக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன். அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அண்ணா, நாளைக்குள்ள காய் எறக்கி அனுப்பணும்."

"மாதப்பனுக்குக் காய்ச்சல்மா. எழுந்துக்கவே முடியல."

"வேற யாரும் இல்லையாண்ணா?"

"தீவாளி நேரம். ஒருத்தனும் அம்படல. இங்க மழை வேற, விட்டு விட்டுத் தூறிட்டே இருக்குது."

"வெள்ளிக்கிழமை தாண்டினா அவருக்கு வேணாம்ணா. எல்லார் வீட்டுத் தீபாவளியும் இதுலதான இருக்கு."

பிறகு சொன்னாய்: "சரி, உடு. நானே ஏறிக்கறேன்."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? நீ மரம் ஏறுவதை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. உன் வலது முட்டி சரியாக மடங்காது, படியேறும்போதுகூடப் பக்கவாட்டில்தான் காலை வைப்பாய். எல்லாம் எனக்குத் தெரியும். "வேணாம்ணா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

நான் சொன்னது, "சரிண்ணா. ஒம்போது மாசக் காயா பாத்து அறு."

மறுநாள் காலையில் பத்து மரம் ஏறி இறங்கியிருக்கிறாய். பதினோராவது மரத்தில் ஈர மட்டையில் கை வழுக்கியது. மல்லிகா அண்ணி போன் செய்தபோது ஒன்பதரை மணி. அவர்கள் அழவில்லை. "உங்கண்ணன் விழுந்துட்டாரு கலை, பேசறாரு, ஆனா காலு அசையல" என்று மட்டும் சொன்னார்கள். கிருஷ்ணகிரியில் பார்த்துவிட்டுப் பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் சந்தாபுரா வழியாகத்தான் வரவேண்டும். சிக்னலில் நின்று கையைக் காட்டி ஏறிக்கொண்டேன். உன் தலையின் இரண்டு பக்கமும் மணல்பை வைத்துக் கட்டியிருந்தார்கள். கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாய். "காய் கீழதான் கிடக்குது, டெம்போவுல ஏத்தச் சொல்லு" என்றாய்.

அதை நான் செய்தேன் அண்ணா. இதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கழுத்தெலும்பு நொறுங்கியிருக்கிறது, கழுத்துக்குக் கீழே உணர்ச்சி திரும்புவது கஷ்டம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத்தான் அந்தப் பத்து மரத்துக் காய்களும் ஷெட்டுக்கு வந்து இறங்கின. வேண்டாம் என்று டெம்போக்காரரிடம் பிறகும் நான் சொல்லவில்லை. வார்டு வாசலில் அண்ணியை உட்கார வைத்துவிட்டு நான் ஷெட்டுக்கு வந்தேன். உரித்தேன், உடைத்தேன், தோல் சீவினேன், பாகில் ஊறப்போட்டேன், ட்ரையரில் அடுக்கினேன். வேலைக்கு வரும் இரண்டு பெண்களும் என்னைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு கத்தியை எடுத்துக்கொண்டார்கள். ஒரு காயில்கூடப் பதம் தப்பவில்லை. அவ்வளவு கவனமாக எண்ணி அறுத்திருந்தாய்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்டால், பதினோரு வீட்டுத் தீபாவளி அதில் இருந்தது என்பேன். அது உண்மைதான். கை சும்மா இருந்தால் அந்தப் போன் பேச்சு காதில் கேட்கும் என்பதும் உண்மை.

பெட்டி குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. அன்வர் பாய்க்கு உன் விஷயம் அப்போது தெரியாது. "இந்த பேட்ச் ஃபர்ஸ்ட் க்ளாஸ்மா. எப்பவும் இதே மாதிரி குடுங்க" என்று போனில் சொன்னார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு அந்தப் போலீஸ்காரர் வந்தார். விழுந்து அடிபட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதி அனுப்புவார்களாம், விசாரிக்க வருவார்களாம். அவருக்குத் தமிழ் வராது, உனக்குக் கன்னடம் வராது. நடுவில் நான் நின்றேன். எப்படி விழுந்தீர்கள், எத்தனை மணிக்கு, எல்லாம் கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "யாராதரூ ஹத்து அந்த்ரா?" என்றார். யாராவது ஏறச் சொன்னார்களா என்று கேட்கிறார். அதை உன்னிடம் கேட்கவேண்டியவள் நான்.

"யாராவது ஏறச் சொன்னாங்களான்னு கேக்கறாருண்ணா."

நீ என்னையே பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். மூக்கில் குழாய், உதடெல்லாம் வெடித்திருந்தது. "இல்ல. நானாத்தான் ஏறினேன்" என்றாய். நான் அதைக் கன்னடத்தில் அவருக்குச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அண்ணி கட்டிலின் அந்தப் பக்கம் நின்று உன் காலைத் தடவிக்கொண்டிருந்தார்கள். உனக்குத் தெரியாத காலை.

அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு நான் ஆறு மாதம் வாழ்ந்தேன். அண்ணனே சொல்லிவிட்டார், போலீஸே எழுதிக்கொண்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "அவரா ஏறிட்டாருங்க, யார் சொல்லியும் கேக்கல" என்று சொன்னேன். யார் சொன்னார்கள் உன்னிடம் ஏறவேண்டாம் என்று? அந்தப் பொய்யில் உன்னைப் பிடிவாதக்காரனாக்கிவிட்டேன்.

மூன்றாவது வாரம் உனக்குச் சளி கட்டிக்கொண்டது. இரும முடியவில்லை. வென்டிலேட்டர் வைப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, "ஆர்டர் போச்சா?" என்று கேட்டாய்.

"போச்சுண்ணா. குடுத்துட்டேன்."

"காய் பதமா இருந்துச்சா?"

"பதமா இருந்துச்சுண்ணா."

சிரித்தாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. அன்றைக்காவது நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நீ அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டாயா? இல்லை, உண்மையிலேயே ஆர்டரைப்பற்றித்தான் கேட்டாயா? இது மட்டும் இன்னும் எனக்குப் புரியவில்லை.

நீ போன பிறகும் சிப்ஸ் நிற்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, நானும் நிறுத்தவில்லை. ஒன்பது மாதக் காய் வந்துகொண்டே இருந்தது. யார் ஏறுகிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்டால் இதற்கு முன்பு ஏன் கேட்கவில்லை என்று எனக்கே தோன்றும், அந்தப் பயம்.

வைகாசியில் ஒருநாள் கோவிந்தனுக்குப் போன் செய்தேன். உனக்குப் பக்கத்துத் தோட்டம், உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அடுத்த லோடு எப்போது என்று கேட்டேன். "மாதப்பன் வேற ஊருக்குப் போயிருக்கான்மா. பரவால்ல, நானே ஏறிக்கறேன்" என்றார்.

அதே வார்த்தை அண்ணா. "வேணாங்க, ஏறாதீங்க, ஆர்டர் கேன்சல்" என்று கத்தினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வைத்துவிட்டேன். ஆர்டர் ஒன்றும் கேன்சல் ஆகியிருக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அண்ணி டெம்போவோடு ஷெட்டுக்கு வந்தார்கள். நீ செய்த வேலையை இப்போது அவர்கள்தான் செய்கிறார்கள். காய் ஏற்றுவது, எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது, சண்டை வந்தால் தீர்ப்பது, எல்லாம். மத்தியானம், சாப்பிட்டு முடித்திருந்தோம். கத்தியை எடுத்து ஒரு தேங்காய்ப்பத்தையில் தோல் சீவ ஆரம்பித்தார்கள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணி, அன்னிக்கு சாயங்காலம் அண்ணன்கிட்ட நான் போன்ல…"

"தெரியும்" என்றார்கள். கத்தி நிற்கவில்லை.

"என்ன தெரியும்?"

"போனு ஸ்பீக்கர்ல இருந்துச்சு. நான் பக்கத்துல அரிசி பொடச்சிக்கிட்டு இருந்தேன். நீ சரிண்ணான்னு சொன்னதும் கேட்டுச்சு. பாத்து அறுன்னு சொன்னதும் கேட்டுச்சு."

"அப்ப ஏன் அண்ணி என்னக் கேக்கல?"

"நீயா சொல்லுவியான்னு பாத்தேன். பத்தாவது நாள் சொல்லுவன்னு நெனச்சேன். காரியத்தன்னிக்கு வாசல்ல நின்னு, யார் சொல்லியும் கேக்கலன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்த. அதையும் கேட்டுட்டு உள்ள போயிட்டேன்."

நான் அவர்கள் காலில் விழப் போனேன். "எழுந்திரு" என்று அதட்டினார்கள். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்.

"நானும்தான் வேணாம்னு சொல்லல. காலைல மழை பெரிசா வந்தா அவரே நின்னுக்குவாருன்னு நெனச்சிட்டு அடுப்பு வேலையப் பாக்கப் போயிட்டேன். என் பங்கு எனக்கு இருக்குது. அதுக்காக உன் பங்கு கொறயாது கலை. ரெண்டும் தனித்தனிதான்."

வெளியே ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "என்கிட்ட சொன்னது போதாது. அவங்க பத்து வீட்டுக்கும் சொல்லு. உன் காயிக்காக அவங்களும் ஏறிட்டுத்தான இருக்காங்க" என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஷெட்டுக்கு வரச்சொன்னோம். பாயை விரித்து உட்கார்ந்தார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். போன், மழை, உன் முட்டி, நான் சொன்ன 'சரிண்ணா', அந்தப் போலீஸ்காரர், எல்லாவற்றையும் சொன்னேன். மாதப்பன் இல்லாத நாட்களில் எத்தனை பேர் தாங்களே ஏறினீர்கள் என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். ஆறு கை உயர்ந்தது. ஆறு பேர் அண்ணா. ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கோவிந்தன் எழுந்தார். "அப்ப எங்கள்ல யாராவது விழுந்திருந்தாலும், அவனா ஏறினான்னு சொல்லிட்டுத்தான் இருந்திருப்பியாம்மா?" என்று கேட்டார்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் இரண்டு வீட்டார் போனார்கள். மூன்று வீட்டாரும் திரும்பவும் ஏவாரிக்கே காய் போடுகிறார்கள். நீ வீடு வீடாகப் போய்ச் சேர்த்ததில் மூன்றை நான் இழந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தவர்களும் எழுந்திருக்கத்தான் பார்த்தார்கள். அண்ணிதான் நிறுத்தினார்கள். உனக்குத் தெரியாத ஒரு மல்லிகாவை அன்றைக்கு நான் பார்த்தேன். "எண்ணி அறுக்கற காயி இனிமே வேணாம். தேதி போட்டுக் கேக்கற சாமானும் வேணாம். மாதப்பன் வந்து எறக்குற முத்தின காயி, தானா விழுற காயி, அதுல என்ன செய்ய முடியும்னு இவ சொல்லட்டும்" என்றார்கள்.

முற்றின காயில் பால் பிழிந்து எண்ணெய் எடுக்கலாம். காய்ச்சாத எண்ணெய். பாலைப் புளிக்கவிட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே வரும். ஒரு வாரம் முன்னே பின்னே ஆனாலும் காய் கெடாது. பீன்யாவில் இருந்தபோதே எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது. சிப்ஸுக்குத்தான் விலை அதிகம், அதனால் அதைத் தேர்ந்தெடுத்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. யார் ஏறுவது என்ற கேள்வியை மட்டும் அதில் வைக்கவில்லை.

முதல் எண்ணெய் புளிப்பு வாடை அடித்தது, கொட்டினோம். இப்போது தண்ணீர்போலத் தெளிவாக வருகிறது. அன்வர் பாயிடம் கொண்டுபோனேன். இனி சிப்ஸ் இல்லை என்று சொன்னதும், "ஏம்மா, கஸ்டமர் கேட்டுட்டே இருக்காங்களே" என்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே உன்னைப்பற்றிச் சொன்னேன். அவர் கடைப்பையனிடம் டீ சொல்லப் போனவர், சொல்லாமல் அப்படியே நின்றுவிட்டார். "வெள்ளிக்கிழமைன்னு சொன்னது நான்தானேம்மா" என்றார். "நீங்க கேட்டீங்க பாய். நான் சொல்லியிருக்கணும், மழைன்னு" என்றேன். பன்னிரண்டு பாட்டில் எடுத்து அலமாரியில் வைத்தார். மெதுவாகத்தான் போகிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத முடியாது அண்ணா. ஏவாரி கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது, சிப்ஸில் வந்ததுபோல் வருவதில்லை. உரிமட்டை, சிரட்டை எல்லாம் சேர்த்து விற்றும் அப்படித்தான். வெள்ளை ஈ திரும்பவும் பரவியிருக்கிறது. எட்டு வீட்டில் ஒருவர் தோட்டத்தை ப்ளாட் போடக் கேட்கிறார்கள் என்று சொல்கிறார், வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திவ்யா என்னோடு பேசுவதில்லை. அண்ணி அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். போன் செய்தால் எடுத்து, "அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று மட்டும் சொல்கிறாள். அத்தை என்று கூப்பிடுவதில்லை. அவளைப் பேசவைக்கச் சொல்லி அண்ணியிடம் நான் கேட்கமாட்டேன்.

நீ விழுந்த மரத்தை வெட்டிவிடலாமா என்று ஊரில் கேட்டிருக்கிறார்கள். "மரம் என்ன பண்ணுச்சு?" என்று அண்ணி கேட்டார்களாம். அது இன்னும் காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அதன் காயும் மற்ற காய்களோடு கலந்து மூட்டையில் இங்கே வருகிறது. எது அந்த மரத்துக் காய் என்று எனக்குத் தெரியாது. கத்தியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நிற்கிறேன்.

நீ போனதிலிருந்து நான் தோட்டத்துக்குள் கால் வைக்கவில்லை. காரியத்துக்கு வந்தபோதும் வாசலோடு திரும்பிவிட்டேன். போன வாரம் அண்ணி போனில், "ஆடிக்காத்துல காயி நெறய விழுது. ஒருத்தியா பொறுக்க முடியல. வந்தா வா" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். எனக்கு அது போதும்.

வருகிற புதன்கிழமை வருகிறேன் அண்ணா. ஷெட்டைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸுக்கு வருகிறேன். கூடையை அண்ணி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு வரப்பு முழுக்க நடப்போம். திவ்யா கதவைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் திரும்புவேன். இந்த ஆடி மட்டுமில்லை, காற்று அடிக்கிற ஒவ்வொரு மாதமும் வருவேன்.

உன் தங்கை,
மல்லிகாவின் நாத்தனார்,
கலைச்செல்வி